தளிர் என்றொரு பெயர்

குமுதாவும் நானும் ஒரே பாலர் பள்ளியில் டீச்சர்கள். கிள்ளானிலிருந்து மேரு போகும் சாலையை விட்டு உள்ளே வந்தால், ஒரு மூலை வீட்டைப் பலகை வைத்துத் தடுத்து வகுப்புகளாக்கி வைத்திருக்கிறார்கள். அதுதான் எங்கள் பள்ளி. ஐந்து வயதுப் பிள்ளைகள் அவளிடம், ஆறு வயதுப் பிள்ளைகள் என்னிடம். இரண்டு பேரும் கல்யாணத்துக்கு முன்பே அங்கே சேர்ந்தவர்கள்.

பிள்ளைகளின் பெயரைச் சத்தமாக முதலில் கூப்பிடுவது நாங்கள்தான். வீட்டில் பாப்பா, அம்மு, தம்பி என்றே கூப்பிட்டிருப்பார்கள். தனக்கு ஒரு முழுப்பெயர் இருப்பதே சில பிள்ளைகளுக்கு எங்களிடம் வந்த பிறகுதான் தெரியும். அதனால் கிள்ளானில் எந்தப் பெயருக்கு மவுசு வருகிறது, எது போகிறது என்று பார்ப்பது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்காக இருந்தது. குமுதாவின் அம்மா பெயர் பஞ்சவர்ணம், பஞ்சவர்ணக் கிளி. சின்னம்மா பெயர் குயிலம்மா. அந்தக் காலத்தில் பறவை. எங்கள் காலத்தில் பூ: குமுதாவுக்கு அக்கா மலர், தங்கை செண்பகம். நான் படித்த வகுப்பில் மட்டும் மல்லிகாக்கள் ஒரு மேசை நிறைய இருந்தார்கள். நாங்கள் வேலைக்கு வந்தபோது பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது. ஷர்வின், கிஷாந்த், லக்‌ஷிதாஸ்ரீ. ஜோசியர் எழுத்தைக் கூட்டச் சொன்னார் என்று ஒரு பிள்ளையின் பெயரில் மூன்று ‘எச்’ இருந்தது. அர்த்தம் கேட்டால் பெற்றவர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

“வாய்க்குள்ள பேப்பர் கசக்குற மாதிரி இருக்குலா, இந்தப் பேருங்க எல்லாம்” என்பாள் குமுதா. மதிய இடைவேளையில் இதைப் பேசியே சிரித்திருக்கிறோம்.

அவளுடைய கணவன் விஜயன் ஷா ஆலமில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அதிகம் பேசாத மனிதன். கல்யாணமாகி வெகுகாலம் அவர்களுக்குக் குழந்தை இல்லை. கோயில், டாக்டர், மறுபடி கோயில் என்று அலைந்து, இனிமேல் கேட்பதில்லை என்று இரண்டு பேரும் விட்டுவிட்ட நேரத்தில், அவளுக்கு முப்பத்தைந்து வயதாகும்போது, உண்டானாள்.

மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் மாதம் ஒரு நாள், பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தபோது, என்னைக் கூப்பிட்டு வேலியோரத்து மாமரத்தைக் காட்டினாள். கிளை நுனியில் செம்பு நிறத்தில் புது இலைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

“பொம்பளப் பிள்ளையா இருந்தா தளிர்னு வைக்கப் போறேன் புனிதா.”

“தளிரா? அப்படி யாராச்சும் வச்சிருக்காங்களா?”

“யாரும் வைக்கல. அதான் எனக்கு வேணும்.”

“உங்க வீட்டுல எல்லாருக்கும் பூ பேருதானே? ஒரு முல்லைன்னு வையேன்.”

“பூவு வேணாம். பூவு பறிச்சதோட முடிஞ்சு போச்சு. இதுக்குப் பாரு, இனிமேதான் எல்லாமே இருக்கு.”

விஜயனுக்கு அந்தப் பெயர் முதலில் புரியவில்லை. மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் வாயில் வருமா என்றுதான் கவலைப்பட்டான். மறுநாள் கிடங்கில் ஒரு மலாய் நண்பரைச் சொல்லச் சொல்லிப் பார்த்திருக்கிறான். ‘தாலிர்’ என்று வந்ததாம். வீட்டுக்கு வந்து, “பரவால்ல, பாஸ் ஆயிடுச்சு” என்று சொன்னானாம். இதைச் சொல்லும்போது குமுதா சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அதன் பிறகு வயிற்றில் இருக்கும் பிள்ளையை அவர்கள் அந்தப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். தளிருக்கு ரொட்டி சானாய் வேணுமாம். தளிர் தூங்க விட மாட்டேங்குது. ஸ்கேனில் பெண் என்று தெரிந்ததும் அந்தப் பெயர் உறுதியாகிவிட்டது.

எட்டாம் மாதம் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. குமுதா நாற்காலியில் உட்கார்ந்து பட்டாம்பூச்சி உடைக்கு இறக்கை தைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஊசியை நிறுத்திவிட்டு, “காலைலேருந்து பாப்பா அசையவே இல்ல” என்றாள். நான் உடனே விஜயனுக்குப் போன் போட்டேன். அவன் வேலை உடுப்போடு வந்து அழைத்துப் போனான்.

மருத்துவமனையில் ஒரு நர்ஸ் கருவியை வயிற்றின் மேல் வைத்துத் தேடினாள். பிறகு இன்னொருத்தி வந்து தேடினாள். டாக்டர் வந்ததும் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பலிலேயே தனக்குத் தெரிந்துவிட்டது என்று குமுதா பிறகு சொன்னாள். வலி வரவைத்துத்தான் பெற்றெடுக்க வேண்டியிருந்தது. அடுத்த திரைக்கு அப்பால் உயிரோடு பிறந்த பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. அவளுடைய பிள்ளைக்குத் தலை நிறைய முடி இருந்தது; மூக்கு அப்படியே விஜயனுடையது. கையில் கட்டியிருந்த பட்டையில் ‘குமுதாவின் குழந்தை’ என்று மட்டும் எழுதியிருந்தது.

அடக்கத்துக்குத் தாய் போகக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். விஜயனும் அவனுடைய தம்பி திருச்செல்வமும் ஒரு சின்னப் பெட்டியோடு மயானத்துக்குப் போய்விட்டு, மதியத்துக்குள் திரும்பிவிட்டார்கள்.

நான் அவளைப் பார்க்கப் போனது அதற்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ. அவளுக்குப் பால் சுரந்துவிட்டிருந்தது. ரவிக்கை நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தது. மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டினால் பால் நின்றுவிடும் என்று அவள் அக்கா மலர் தலைநகரில் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெரு வரை போய்க் கூடை நிறைய வாங்கி வந்திருந்தாள். அறை முழுக்கக் கல்யாண வீட்டு வாசம். குமுதா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மலர் பூவை வைத்துத் துணியை இறுக்கிக் கட்டக் கட்ட, கையைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது விஜயன் தேநீரோடு உள்ளே வந்தான். அவனைப் பார்த்ததும் அவள் கேட்டாள்.

“அங்க பேரு கேட்டாங்களா?”

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். “கேட்டாங்க.”

“சொன்னீங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

“உசுரோட பிறக்காத பிள்ளைக்குப் பேரு வைக்கிறது இல்லன்னு சொன்னாங்க குமுதா. பேரு வச்சா அப்புறம் சடங்கு எல்லாம் செய்யணும், அது உங்களுக்கு நல்லது இல்லன்னாங்க. நானும் சரின்னுட்டேன்.”

அவள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பள்ளி திறந்ததும் வேலைக்கு வந்தாள். பிள்ளைகளிடம் எப்போதும் போலத்தான் இருந்தாள். பெயர்களைப் பற்றிப் பேசிச் சிரிப்பது மட்டும் எங்களுக்குள் நின்றுபோனது. அந்த நேரத்தில்தான் எங்கள் வகுப்புகளில் காற்று மாறத் தொடங்கியது. ஒரு வருடம் நிலா என்று ஒரு பெண் வந்தாள். மறுவருடம் முகிலன், தென்றல். வாட்ஸ்அப்பில் தூய தமிழ்ப் பெயர் என்று வரிசை வரிசையாக வர, படித்த பெற்றோர்கள் மழையையும் மேகத்தையும் தேடிப் போனார்கள். குமுதா அந்தப் பெயர்களை வாசித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள்.

திருச்செல்வத்துக்குக் கல்யாணமானது இதெல்லாம் நடந்த பிறகு. அவன் மனைவி ரோகிணி பந்திங் பக்கத்துப் பெண், ஒரு வங்கியில் வேலை. கலகலப்பானவள். குமுதாவின் குழந்தை விஷயம் அவளுக்குத் தெரியும். ஆனால் அதற்கு மனதுக்குள் ஒரு பெயர் இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பேச்சையே வீட்டில் எடுப்பதில்லை. அடுத்த வருடமே ரோகிணிக்குப் பெண் பிறந்தது.

முப்பதாம் நாள் பெயர் வைக்கும் விழாவைக் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் பெரிதாகச் செய்தார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். குமுதா வெள்ளிக் கொலுசு வாங்கியிருந்தாள். கடையில் நாலைந்து ஜோடியை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. “இந்தச் சத்தம் சின்னக் காலுக்கு நல்லா இருக்கும்” என்று சொன்னாள். தான் மனமார வாழ்த்தப் போவதாக அவள் நினைத்திருந்தாள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் எதிரே மேடை. பச்சை பலூன்களுக்கும் பிளாஸ்டிக் கொடிகளுக்கும் நடுவில், ஆள் உயர ஆங்கில எழுத்துகளில் விளக்குப் போட்டு அந்தப் பெயர். தளிர்.

குமுதா நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு விலகிப் போனார்கள். நான் அவள் முழங்கையைப் பிடித்தேன். அவள் விஜயனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் காரை வேறு இடத்தில் நிறுத்த வேண்டும் என்று ஏதோ சொல்லிக்கொண்டு வெளியே போனான்.

அவள் மேடைக்குப் போனாள். கொலுசைக் கொடுத்தாள். படம் எடுத்துக்கொண்டாள். ரோகிணி குழந்தையை அவள் மடியில் வைத்து, “பாத்தீங்களா அக்கா பேர? விஜயன் மாமாதான் சொன்னாங்க. இங்க யாருக்குமே இல்லாத பேரு. எங்க பேங்க்ல எல்லாரும் அர்த்தம் கேட்டு ஒரே புகழ்ச்சி” என்றாள். அந்தப் பெண்ணின் முகத்தில் கள்ளமே இல்லை. குமுதா குழந்தையின் நெற்றியை ஒரு விரலால் தொட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

திரும்பும்போது நான் அவர்கள் காரில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். 

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே” என்றாள் குமுதா.

“தம்பி ஒரு நல்ல பேரா சொல்லுண்ணே, சொல்லுண்ணேன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். எனக்கு வேற எதுவும் தோணல.”

“அது நம்ம பிள்ளையோட பேரு.”

“நம்ம பிள்ளைக்குப் பேரே வைக்கல குமுதா.” விஜயன் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினான். “பேரு சும்மாதானே இருந்துச்சு. யாராச்சும் கூப்பிட்டா நம்ம காதுலயும் விழும்னு நெனச்சேன்.”

அவன் அதைக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவனுக்கும் அந்தப் பெயரைக் கேட்க ஆசையாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் குமுதா அன்றைக்குப் பிறகு அவனோடு தேவைக்கு மேல் பேசவில்லை. சமைத்தாள், துவைத்தாள், பில் கட்டினாள். அவனும் மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதன். கேட்டிருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை.

பெயர் அதோடு நிற்கவில்லை. விழா வீடியோவை ரோகிணி இணையத்தில் போட்டதும் பலர் பார்த்திருக்கிறார்கள். அழகாக இருக்கிறது, சின்னதாக இருக்கிறது, எல்லா இனத்தாருக்கும் வாயில் வருகிறது. ரோகிணியின் தோழி ஒருத்தி தன் பிள்ளைக்கு வைத்தாள். பிறகு பக்கத்து ஊர் காப்பாரில் ஒரு தளிர்விழி. எங்கள் பேட்டையிலேயே ஒரு தளிரினி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு குழந்தை உடுப்புக் கடைக்கே அந்தப் பெயர் வந்தது. ஒரு நாள் நானும் குமுதாவும் துணி எடுக்கப் போன இடத்தில், கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ ஒரு அம்மா, “தளிர்! ஓடாத, இங்க வா!” என்று கத்தினாள். குமுதா கையிலிருந்த பையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினாள். யாரோ ஒரு குழந்தை எங்கள் காலுக்கு நடுவில் புகுந்து ஓடியது. அவள் அந்தக் கடையின் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். காப்பி வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

“எல்லாருக்கும் குடுத்துட்டாங்க புனிதா. அவளுக்கு மட்டும் இல்ல.”

கோவிட் காலம் முடிந்து பள்ளி மறுபடி ஒழுங்காக நடக்கத் தொடங்கியபோது, ரோகிணியின் மகளுக்கு ஐந்து வயது. பெரியம்மா டீச்சராக இருக்கும்போது வேறு எங்கே போடுவது என்று எங்கள் பள்ளியிலேயே சேர்த்தார்கள். வகுப்பு குமுதாவுடையது. அதே வகுப்பில் தளிரினியும் இருந்தாள்.

காலையில் பெயர் வாசிக்கும்போது குமுதா அந்தக் குழந்தையின் பெயர் வரும் இடத்தில் நிமிர்ந்து பார்ப்பாள், குழந்தை இருக்கும், ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவாள். தளிரினியை ‘இனி’ என்று கூப்பிட்டாள். கொழுந்தன் மகளை ‘பாப்பா’ என்றாள். வேறு ஒருவருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

குழந்தையோ பெரியம்மா மேல் உயிராக இருந்தது. பென்சில் சீவ, ஷூ மாட்ட, எல்லாவற்றுக்கும் அவளிடம்தான் வரும். மதியம் அம்மா வரும்வரை அவள் மடியில் தலை வைத்துத் தூங்கும். குமுதா அதன் முடியைக் கோதிக்கொண்டிருப்பாள். அந்த நேரங்களில் அவள் முகம் கொஞ்சம் இளகியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இப்படியே போனால் எல்லாம் சரியாகிவிடும் என்றுகூட நினைத்தேன்.

ஒரு நாள் குழந்தை கேட்டது.

“பெரியம்மா, ஏன் என் பேர மட்டும் கூப்பிட மாட்றீங்க?”

“கூப்பிடுறேனே, பாப்பான்னு.”

“அது எல்லாருக்கும் சொல்ற பேரு. என் பேரு தளிர். சொல்லுங்க.”

குமுதா வாயைத் திறந்தாள். பிறகு எழுந்து கழிவறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். குழந்தை என்னைப் பார்த்து, “என் பேரு நல்லா இல்லையா டீச்சர்?” என்று கேட்டது. நல்லா இருக்கு கண்ணு என்றேன்.

அந்த வருடக் கடைசியில் குழந்தைக்கு டெங்கி வந்தது. எங்கள் வட்டாரத்தில் அப்போது நிறையப் பேருக்கு இருந்தது. இதற்கு மட்டும் மோசமாகிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். குமுதா விடுப்புப் போட்டுவிட்டு அந்தப் பிரிவின் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ரோகிணிக்குச் சாப்பாடு கொண்டுபோய் ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாள். குழந்தை பிழைத்து வந்தது. ஆனால் அதன் பிறகு அடிக்கடி காய்ச்சல், இரைப்பு. ரோகிணி பயந்துபோயிருந்தாள். யாரோ சொல்லி, பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் எண்கணிதம் பார்க்கும் ஒருவரிடம் பிள்ளையின் பெயரையும் பிறந்த நேரத்தையும் கொண்டுபோனாள்.

அவர் கணக்குப் போட்டுவிட்டு, “இந்தப் பேர முன்னாடி வீட்டுல வேற யாருக்காச்சும் நெனச்சிருந்தீங்களா?” என்று கேட்டாராம். எல்லாரிடமும் கேட்கிற கேள்வியாகத்தான் இருக்கும். இல்லை என்று ரோகிணி சொல்ல வாயெடுத்தபோது, பக்கத்தில் இருந்த திருச்செல்வம் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கத்தன்று மயானத்தில் அண்ணன் அழுதுகொண்டே அந்தப் பெயரைச் சொன்னதை அவன் கேட்டிருக்கிறான். இத்தனை வருடம் மனைவியிடம் சொல்லவில்லை. அன்றைக்கு அங்கேயே சொன்னான்.

அதோடு முடிந்தது. பெயரை மாற்றிவிட வேண்டும், பழைய பெயர் வீட்டில் யார் வாயிலும் வரக் கூடாது, பிறப்புச் சான்றிதழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் அவர். ரோகிணி வீடியோவை எல்லாம் அழித்தாள். பள்ளிக்கு வந்து பையையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டாள். அவற்றின் மேல் ஒட்டியிருந்த பெயரை வாசலிலேயே நின்று நகத்தால் சுரண்டினாள். குமுதாவிடம் பேசவில்லை.

அன்று மாலை குமுதா என்னையும் கூட்டிக்கொண்டு ரோகிணியின் வீட்டுக்குப் போனாள். என்ன பேசப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றபடியே சொன்னாள்.

“பேர மாத்தாத ரோகிணி. ஒன்னக் கெஞ்சிக் கேக்குறேன்.”

ரோகிணிக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “நீங்களா அக்கா இத கேக்குறீங்க?”

“அவளுக்கு அந்தப் பேரு பொருந்திப் போச்சும்மா. அவ நல்லாத்தான் இருப்பா. டெங்கி எல்லாருக்கும்தான் வந்துச்சு.”

“செத்த பிள்ளையோட பேர எடுத்து என் பிள்ளைக்கு வச்சுட்டாங்க. உங்களுக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அன்னிக்கே மண்டபத்துல என் காதுல ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வேற பேரு வச்சிருப்பேன்லா. ஏன் அக்கா சொல்லல?”

ரோகிணி அதோடு விடவில்லை.

“ஒரு வருஷம் உங்ககிட்ட படிச்சா. ஒரு நாளாச்சும் அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கீங்களா? பெரியம்மாவுக்கு என் பேரு பிடிக்கலன்னு வந்து அழுவா. நான்தான் அப்படியெல்லாம் இல்லன்னு சமாதானம் சொல்லுவேன். இப்ப வந்து மாத்தாதன்னா என்ன அர்த்தம்? உங்க பிள்ள ஞாபகத்துக்கு என் பிள்ள வேணுமா?”

உள்ளே அறையில் குழந்தை இருமும் சத்தம் கேட்டது. ரோகிணி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டோம். படியிறங்கும்போது குமுதா, “அவ கேட்டது சரிதான்” என்றாள்.

குழந்தைக்கு இப்போது அரோரா என்று பெயர். வட துருவத்து வானத்தில் தெரியும் வெளிச்சமாம். வீட்டில் ஆரா. இப்போது எங்கள் வகுப்புகளில் அந்த மாதிரிப் பெயர்கள்தான் வரத் தொடங்கியிருக்கின்றன. லூனா, ஸ்கை, ஐவி. தளிர் என்ற பெயர் ராசியில்லாதது என்று கிள்ளான் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பேச்சு பரவிவிட்டது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. தளிரினியின் அம்மா ஒரு நாள் வந்து, இனிமேல் எல்லா இடத்திலும் ‘இனி’ என்றே போடுங்கள் டீச்சர் என்று கேட்டுக்கொண்டாள். பிரிக்பீல்ட்ஸ் உடுப்புக் கடை, வாடகை கட்டவில்லையோ என்னவோ, மூடிக்கிடக்கிறது. புதிதாகப் பிறந்த பிள்ளைகளில் ஒருத்திக்கும் அந்தப் பெயரை வைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

சென்ற தீபாவளிக்கு முன்பு கிள்ளான் கடைத்தெருவில் குமுதா அந்தக் குழந்தையைப் பார்த்திருக்கிறாள். ரோகிணி கொஞ்சம் தள்ளி வளையல் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். குழந்தை தனியாகப் பலகாரக் கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றது, வளர்ந்திருந்தது. குமுதா கிட்டே போய், முதல் முறையாக அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

குழந்தை திரும்பியது. பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தது. உடனே அம்மா நிற்கும் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, வாயில் விரலை வைத்தது.

“அது கெட்ட பேரு பெரியம்மா. சொல்லாதீங்க. சொன்னா காய்ச்சல் வரும்.”

இதை என்னிடம் சொன்னபோது குமுதா அழவில்லை. ரொம்பக் களைத்துப்போனவள் மாதிரி இருந்தாள். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போனதும், இத்தனை வருடத்தில் முதல் முறையாக, விஜயனிடம் ஒன்று கேட்டிருக்கிறாள். பிள்ளையைப் புதைத்த இடத்தில் ஒரு கல் வைக்க வேண்டும், பெயர் போட்டு.

விஜயன் மறுபேச்சுப் பேசவில்லை. கல்வெட்டுக் கடையில் சொல்லிச் சின்னதாக ஒரு கறுப்புக் கல் செய்து வாங்கினான். தமிழில் பெயரும் கீழே வருடமும் மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரும் மயானத்துக்குப் போனார்கள். குமுதா அங்கே போவது அதுதான் முதல் தடவை.

விஜயனுக்கு ஒரு அரளி மரம் ஞாபகம் இருந்தது. அதிலிருந்து கொஞ்சம் உள்ளே, வேலிப் பக்கம். அந்த மரம் இப்போது இல்லை. அந்த இடத்தில் சிமெண்டு வடிகால் போயிருந்தது. அவன் வடிகாலுக்கு இந்தப் பக்கம் நடந்தான், அந்தப் பக்கம் நடந்தான். குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தான். மயானத்தைப் பார்த்துக்கொள்ளும் வீரப்பன் என்பவர் வந்து விசாரித்தார்.

“சின்னப் பிள்ளைங்கள இந்த மூலையிலதான் வைப்பாங்க அண்ணே. ஆனா கல்லு இல்லன்னா ஒன்னும் செய்ய முடியாது. இடம் பத்தல. மேலயே மேலயே வச்சிருக்காங்க. இதுல எது உங்க பிள்ளன்னு நான் எப்படிச் சொல்றது?”

“சும்மா இந்த இடத்துல வச்சிட்டுப் போகலாமா?” என்று விஜயன் கேட்டிருக்கிறான்.

“இன்னொருத்தர் பிள்ள மேல வச்சா அவங்க வந்து கேப்பாங்களே அண்ணே.”

 வெயில் ஏறும்வரை நின்றுவிட்டு, விஜயன் கல்லை மறுபடி தூக்கி வந்து காரின் பின்பெட்டியில் வைத்தான். வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியது. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார். வேறு எங்கே வைப்பது என்றும் அவனுக்குத் தெரியவில்லை.

என் கார் பழுதாகி இருப்பதால் இப்போது சில நாட்களாக அவர்கள் காரில்தான் நான் வீட்டுக்குப் போகிறேன். விஜயன் வேலை முடிந்து பள்ளி வாசலுக்கு வருவான். குமுதா முன்னால் ஏறிக்கொள்வாள், நான் பின்னால். மேரு சாலையில் குழி அதிகம். வளைவில் திரும்பும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் அந்தக் கல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்ந்து முட்டும் சத்தம் கேட்கிறது. விஜயன் வேகத்தைக் குறைப்பான். குமுதா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுவிட்டு, நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிப் போவார்கள்.